கையேடு இல்லாத பிஎல்டிசி கண்ட்ரோலரை செட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த வகைக் கண்ட்ரோலருக்குப் பொருந்தும்?

48 வோல்ட், 60 வோல்ட், 72 வோல்ட் என்று மட்டும் போட்டு ஆன்லைனில் விற்கிறார்களே, பெயரே இல்லாத அலுமினியப் பெட்டி, அதற்கு. பிரஷ் இல்லாத டிசி மோட்டாருக்கு (பிஎல்டிசி) பேட்டரியிலிருந்து மின்சாரத்தை அளந்து கொடுப்பது இதுதான். ஒரு பக்கத்திலிருந்து இருபது முப்பது ஒயர் கொத்தாக வெளியே வரும். கையேடு இருக்காது, விற்றவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. பழைய மின்சார ஸ்கூட்டரில் கண்ட்ரோலர் போய்விட்டது, வண்டி செய்த கம்பெனியும் மூடிவிட்டது என்றால் கடைசியில் கைக்கு வருவது இதுதான். ஹால் சென்சார் (மோட்டாரின் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது) உள்ள ஹப் மோட்டாரோடு, அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டாரோடு, இதைச் சேர்ப்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். மின்சாரக் காரின் இன்வெர்ட்டர் வேறு உலகம். அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும், தொட்டால் உயிர் போகும். இங்கே சொல்வதை வைத்து அதில் கை வைக்காதீர்கள்.

கையேடு இல்லாமல் ஒயர்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இந்தப் பெட்டிகள் எல்லாமே உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி. பேட்டரி ஒயர் இரண்டு, சாவி ஒயர் ஒன்று, மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர் (ஃபேஸ்) மூன்று, ஹால் ஒயர் ஐந்து, ஆக்சிலேட்டர் ஒயர் மூன்று. வண்டி ஓட இவ்வளவு போதும். மீதி எல்லாம் பிரேக், மூன்று ஸ்பீடு, ரிவர்ஸ், மீட்டர், அலாரம் போன்ற கூடுதல் வசதிகள்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பி எதையும் இணைக்க வேண்டாம். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வரிசையைப் பெரும்பாலான தொழிற்சாலைகள் பின்பற்றுகின்றன, எல்லாரும் இல்லை. வீடியோவில் ஒருவர் வைத்திருக்கும் பெட்டியும் உங்கள் பெட்டியும் வெளியே அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், உள்ளே போர்டு வேறாக இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்ததுதான் கணக்கு.

பவர் கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஸ்டிக்கர். சீனத்தில் இருந்தால் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். வோல்ட்டேஜ், அதிகபட்ச ஆம்பியர், குறைந்த வோல்ட்டேஜில் நிறுத்தும் அளவு, பிரேக் ஒயர் எந்த வகை, ஹால் கோணம் 120 டிகிரியா 60 டிகிரியா என்பதெல்லாம் பல சமயம் அதிலேயே இருக்கும்.

அடுத்து பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பெரிய மின்தேக்கிகளின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியிருக்கலாம், மின்தேக்கியின் மேல் இருக்கும் எண் அப்படி மாறுவது அரிது. அதில் 63 என்று இருந்தால் அது 48 வோல்ட் பெட்டி, வெளியே என்ன எழுதியிருந்தாலும் சரி. 60 வோல்ட் என்று விற்கும் 16 செல் லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜில் 67.2 வோல்ட் வரும். அதை இந்தப் பெட்டியில் மாட்டினால் மின்தேக்கி உப்பிவிடும். அப்படியே மாஸ்ஃபெட்டுகளையும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகள்) எண்ணுங்கள். 6, 9, 12, 18 என்று வரும். எண்ணிக்கை கூடக் கூட பொதுவாகத் தாங்கும் மின்னோட்டமும் கூடும்.

என்ன கருவி வேண்டும்?

மல்டிமீட்டர் கட்டாயம். டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது. ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பேட்டரி பக்கத்தில் ஒரு ஃபியூஸ், சக்கரம் தரையைத் தொடாமல் நிற்க ஒரு உறுதியான ஸ்டாண்டு.

இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய 100 வாட் குண்டு பல்பு, எல்இடி அல்ல, இழை உள்ளது. முதல் முறை பேட்டரி கொடுக்கும்போது பாசிட்டிவ் ஒயரில் இதைத் தொடராகப் போட்டால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் ஓர் ஆம்பியர் அளவோடு நின்றுவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு எரியாது. இழை மங்கலாகச் சிவந்து அப்படியே நின்றால் உடனே எடுத்துவிடுங்கள், உள்ளே ஏதோ ஷார்ட்.

இத்தனை ஒயரில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டரி இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். மீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள். தடித்த கறுப்பு ஒயரில் ஒரு முனையை வைத்து, மெல்லிய கறுப்பு ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். அநேகமாக எல்லாம் கத்தும். எல்லாமே ஒரே கிரவுண்டு, அதாவது பேட்டரி நெகட்டிவ்.

இப்போது மெல்லிய சிவப்பு ஒயர்கள். இங்கேதான் அதிகக் கண்ட்ரோலர்கள் சாகின்றன. சில சிவப்பு ஒயர்கள் 5 வோல்ட்டை வெளியே கொடுப்பவை, ஒரு சிவப்பு மட்டும் சாவி வழியாகப் பேட்டரியின் முழு வோல்ட்டேஜை உள்ளே வாங்குவது. இரண்டையும் மாற்றிப் போட்டால் உள்ளே இருக்கும் சிப் அந்த நொடியே போய்விடும், ஹால் சென்சார்களையும் சேர்த்துக்கொண்டு போகும். ஆகவே ஐந்து ஒயர் உள்ள ஹால் கனெக்டரின் சிவப்பையும், மூன்று ஒயர் உள்ள ஆக்சிலேட்டர் கனெக்டரின் சிவப்பையும் சேர்த்துச் சோதியுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றோடொன்று கத்தும், இல்லாவிட்டால் குறைந்த ரெசிஸ்டன்ஸ் காட்டும். இவற்றோடு எந்தத் தொடர்பும் காட்டாமல், பல சமயம் தடித்த சிவப்புக்குப் பக்கத்திலேயே தனியாக வரும் மெல்லிய சிவப்புதான் சாவி ஒயர். சில பெட்டிகளில் அது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்.

பிறகு பேட்டரி கொடுத்து, சாவி ஒயரைப் பாசிட்டிவில் சேர்த்து, ஹால் கனெக்டரின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 4.3 முதல் 5 வோல்ட் வரை காட்டினால் பெட்டி உயிரோடு இருக்கிறது.

மிச்சமிருக்கும் ஒயர்களை இந்த நிலையிலேயே கிரவுண்டோடு சேர்த்து அளங்கள். 5 வோல்ட் பக்கமாகக் காட்டுபவை அநேகமாக கிரவுண்டில் தொட்டால் வேலை செய்யும் சுவிட்ச் ஒயர்கள்: பிரேக், மூன்று ஸ்பீடு, ரிவர்ஸ், க்ரூஸ். நேராகத் தொடாமல் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தொடுங்கள், தவறான ஒயரானாலும் சேதம் வராது.

ஒரு ஒயரிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்பீடோமீட்டருக்குப் போகும் ஒயர் பல பெட்டிகளில் உள்ளே மோட்டார் ஃபேஸ் ஒன்றோடு நேரடியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அதை கிரவுண்டில் தொட்டால் மாஸ்ஃபெட் போகும். பேட்டரி இல்லாதபோதே ஒவ்வொரு மெல்லிய ஒயரையும் மூன்று ஃபேஸ் ஒயர்களோடு பீப் பார்த்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

பேட்டரியைச் செருகும்போது பட்டென்று பொறி வருகிறதே?

காலியான மின்தேக்கிகள் ஒரே இழுப்பில் நிரம்புவதால் வருவது. பழுது இல்லை, ஆனால் கனெக்டரின் பின்னைத் தின்றுவிடும். சாவியை அணைத்து வைத்துவிட்டு, முதலில் 100 முதல் 500 ஓம் வரையுள்ள சில வாட் ரெசிஸ்டர் வழியாக இரண்டு மூன்று நொடி தொட்டுவிட்டு, அப்புறம் நேராகச் செருகுங்கள். 72 வோல்ட்டில் இது கட்டாயம். உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த பொறியடக்கும் கனெக்டரும் கிடைக்கிறது.

ஹால் சென்சார் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஹால் கனெக்டரை மாட்டி, பவர் கொடுத்து, கனெக்டரின் பின்புறமாக மீட்டர் முனையை நுழையுங்கள். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். 0, 5, 0, 5 என்று மாறிக்கொண்டே வர வேண்டும். பச்சை, நீலம் இரண்டுக்கும் அப்படியே. ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் அந்த சென்சார் போய்விட்டது, அல்லது அச்சு வழியே வரும் ஒயர் அறுந்திருக்கிறது. அச்சு முனையில் ஒயர் நசுங்கி அறுவது மிகச் சாதாரணம், மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் அங்கே பாருங்கள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தால் இன்னொரு தகவலும் கிடைக்கும். 120 டிகிரி மோட்டாரில் மூன்றும் ஒரே சமயத்தில் 5 வோல்ட்டாகவோ மூன்றும் 0 ஆகவோ வரவே வராது. அப்படி வந்தால் அது 60 டிகிரி மோட்டார். 120 டிகிரி கண்ட்ரோலர் அதை ஹால் பழுது என்று நினைத்துக்கொண்டு ஓட மறுக்கும்.

சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றில் ஏதாவது ஒரு ஹால் எத்தனை முறை 0-விலிருந்து 5-க்கு ஏறுகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். கியர் இல்லாத ஹப் மோட்டாரில் அதுதான் காந்த ஜோடிகளின் எண்ணிக்கை. புரோகிராம் செய்யும் கண்ட்ரோலரில் இதைக் கேட்கும். கியர் வைத்த ஹப்பில் சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்பினால்தான் உள்ளே மோட்டார் சுற்றும், எண்ணிக்கையும் கியர் விகிதத்தால் பெருகி வரும்.

இரண்டு வெள்ளை ஒயர் தனியாகத் தொங்குகிறது. அது என்ன?

உங்களுக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலும் அது தானே கற்றுக்கொள்ளும் ஒயர். சக்கரத்தைத் தூக்கி வைத்து, இரண்டையும் ஒன்றாகச் செருகி, சாவியைப் போடுங்கள். சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். சில பெட்டிகளில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட வேண்டும். சில நொடிகளில் கண்ட்ரோலர் ஹால், ஃபேஸ் வரிசையைப் புரிந்துகொள்ளும். சக்கரம் பின்னால் சுற்றினால் ஒயரைப் பிரித்து மறுபடி சேருங்கள், திசை மாறும். முன்பக்கமாகச் சீராகச் சுற்றும்போது பிரித்துவிடுங்கள்.

பிரிக்க மறந்துவிட்டால், அடுத்த முறை தெருவில் நிற்கும்போது சாவியைப் போட்டதும் வண்டி தானாகக் கிளம்பும். பிரித்த முனைகள் இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள்.

சில பெட்டிகளில் இதே போன்ற ஒயர் ஜோடி வேக வரம்புக்கு இருக்கும். சேர்த்தும் சக்கரம் தானாகச் சுற்றவில்லை, ஆனால் உச்ச வேகம் மட்டும் மாறுகிறது என்றால் அது அந்த வகை.

கற்றுக்கொள்ளும் ஒயர் இல்லை. 36 விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

மூன்று ஹால் ஒயரை ஆறு விதமாக அடுக்கலாம், மூன்று ஃபேஸ் ஒயரையும் ஆறு விதமாக அடுக்கலாம், ஆக 36. ஆனால் அத்தனையும் பார்க்க வேண்டியதில்லை. ஹால் ஒயர்களை அப்படியே விட்டுவிட்டு ஃபேஸ் ஒயர்களை மட்டும் மாற்றுங்கள். அந்த ஆறில் ஒன்றே ஒன்றுதான் சரியானது. அது முன்பக்கம் சுற்றினால் வேலை முடிந்தது. பின்பக்கம் சுற்றினால் ஹால் ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிவிட்டு, மறுபடி ஃபேஸ் ஆறையும் பாருங்கள். இம்முறை சரியாக வருவது முன்பக்கம் சுற்றும். அதிகபட்சம் 12 முயற்சி.

ஆறையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் சாவியை அணைத்து, பேட்டரியைப் பிரித்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை மெதுவாக, கொஞ்சம்தான் திருப்ப வேண்டும். முழுதாகத் திருப்பினால் தவறான வரிசையில் மாஸ்ஃபெட் சூடேறிப் போகும்.

இதில் ஏமாற்றும் வரிசை ஒன்றும் உண்டு. சக்கரம் சுற்றும், ஆனால் உறுமும், அதிரும், தொட்டால் மோட்டார் சீக்கிரம் சூடாகும். சுற்றுகிறதே என்று அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கிளாம்ப் மீட்டரைப் பேட்டரி ஒயரில் போட்டுப் பாருங்கள். சாதாரண ஹப் மோட்டார் சரியான வரிசையில், சக்கரம் காற்றில் சுற்றும்போது, ஓரிரு ஆம்பியர்தான் இழுக்கும். சத்தமும் சீராக இருக்கும். அதைப் போல சில மடங்கு இழுத்தால் வரிசை தவறு.

எல்லாம் இணைத்தும் ஆக்சிலேட்டருக்கு ஒன்றும் அசையவில்லை. ஏன்?

முதலில் சிக்னல் ஒயரை அளந்து பாருங்கள். ஹால் வகை ஆக்சிலேட்டர் திருப்பாதபோது 0.8, 0.9 வோல்ட் காட்டும், முழுதாகத் திருப்பினால் 3.6 முதல் 4.2 வரை ஏறும். சாவி போடும்போதே சிக்னல் உயரத்தில் இருந்தால் பல கண்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காக ஓட மறுக்கும்.

ஆக்சிலேட்டர் சரி என்றால் பிரேக் ஒயரைச் சந்தேகப்படுங்கள். பிரேக்கில் இரண்டு வகை. கிரவுண்டில் தொட்டால் மோட்டாரை நிறுத்துவது ஒன்று, பிரேக் விளக்கிலிருந்து 12 வோல்ட் வந்தால் நிறுத்துவது இன்னொன்று. முதல் வகை ஒயரைப் பழைய வண்டியின் பிரேக் விளக்கு ஒயரில் சேர்த்திருந்தால், பிரேக் பிடிக்காதபோது பல்பின் இழை வழியாக அது கிரவுண்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலர் நீங்கள் எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாக நினைக்கும். சோதனை முடியும் வரை பிரேக் ஒயர்களை விட்டுவிடலாம், சாலையில் இறங்குவதற்கு முன் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

அலாரம் ஒயர் எதையாவது தவறுதலாகச் சேர்த்திருந்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். சக்கரம் தூக்கிய நிலையில் லேசாக ஓடும்போது ஆக்சிலேட்டரின் கறுப்பு ஒயரை மட்டும் பிரித்துப் பாருங்கள். சிக்னல் 5 வோல்ட்டை நோக்கிப் பாயும். நல்ல கண்ட்ரோலர் இதைப் பழுது என்று உணர்ந்து உடனே நிறுத்தும். மலிவானது முழு வேகத்தில் ஓடும். அப்படி ஓடினால் அந்தக் கண்ட்ரோலரை வண்டியில் வைக்காதீர்கள். ஓர் ஒயர் அறுந்ததற்காக ஒருவர் லாரிக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

லெட் ஆசிட்டிலிருந்து லித்தியத்துக்கு மாறினால் கண்ட்ரோலரில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பேட்டரி இறங்கும்போது இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிக்கு 10.5 வோல்ட் என்ற கணக்கில் மோட்டாரை நிறுத்தும். 48 வோல்ட் பெட்டி 42-இல் நிற்கும். 13 செல் லித்தியம் அயானுக்கு அது செல்லுக்குச் சுமார் 3.2, பொருத்தமான அளவுதான். 16 செல் இரும்பு பாஸ்பேட்டுக்கு செல்லுக்கு 2.6 வரை இறங்கிவிடும், ஆகவே பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் போர்டு) நன்றாக இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் தடித்த கம்பியில் ஈயம் வைத்தால் பவர் கூடுமாமே?

கூடும், செய்யாதீர்கள். அந்தக் கம்பி வழியாகப் போகும் மின்னோட்டத்தை வைத்துத்தான் கண்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் என்று கணக்கிடுகிறது. ஈயம் வைத்தால் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் குறையும், கண்ட்ரோலர் 20 என்று நினைக்கும்போது நிஜத்தில் 30 போகும். மாஸ்ஃபெட்டைக் காக்கும் ஒரே காவலை நாமே கண்ணைக் கட்டி உட்கார வைக்கிற வேலை. மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். ஓடும்போது அப்படி ஆனால் மோட்டாரே பிரேக்காக மாறிச் சக்கரத்தை இறுக்கும். பவர் வேண்டுமென்றால் பெரிய பெட்டியாக வாங்குங்கள்.

என்னுடையது புரோகிராம் செய்யும் வகை. ஆனால் எந்த மென்பொருள் என்று தெரியவில்லை.

வோட்டால், ஃபார்டிரைவர், கெல்லி போன்றவற்றுக்குத் தனித்தனி மென்பொருள் உண்டு, ஒன்று இன்னொன்றோடு பேசாது. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் போர்டில் அச்சிட்ட எழுத்துகளையும் சிப்பின் எண்ணையும் படம் எடுத்துத் தேடுங்கள்.

நான்கு பின் கனெக்டர் இருந்தால் அநேகமாக அது சீரியல் இணைப்பு: 5 வோல்ட், கிரவுண்டு, அனுப்புவது, வாங்குவது. அனுப்பும் பின் சும்மா இருக்கும்போது 3.3 அல்லது 5 வோல்ட்டில் நிற்கும். எது என்று அளந்து, அதே அளவுக்கு யுஎஸ்பி சீரியல் அடாப்டரை வையுங்கள். சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அடாப்டரின் 5 வோல்ட் ஒயரைச் சேர்க்க வேண்டாம். பதில் வராவிட்டால் அனுப்புவதையும் வாங்குவதையும் இடம் மாற்றுங்கள். அப்புறம் 9600, 19200, 115200 என்று வேகத்தை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதன் பேட்டரியிலேயே வேலை செய்யுங்கள், இல்லையென்றால் கிரவுண்டு வழியாக யுஎஸ்பி போர்ட் போக வழி இருக்கிறது.

இணைப்பு கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது படிப்பது மட்டும். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துச் சேமித்து வையுங்கள். தொழிற்சாலை வைத்த எண்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே கையேடு. வேறு மாடலின் செட்டிங் கோப்பை யாராவது அனுப்பினால் அதை அப்படியே ஏற்றாதீர்கள்.

எந்த எண்ணை முதலில் மாற்றுவது?

பேட்டரி சம்பந்தப்பட்டவை முதலில்: அதிகபட்ச, குறைந்தபட்ச வோல்ட்டேஜ், பேட்டரி மின்னோட்டம். பேட்டரி மின்னோட்டம் பிஎம்எஸ் தொடர்ந்து தாங்கும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு காந்த ஜோடி எண்ணிக்கை, ஹால் கோணம். கோணத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையே ஓட விடுங்கள்.

ஃபேஸ் மின்னோட்டம் பேட்டரி மின்னோட்டத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைந்த வேகத்தில் மோட்டாருக்குச் சிறிய வோல்ட்டேஜ்தான் போகிறது, அதனால் அதே வாட்டுக்கு அங்கே ஆம்பியர் கூடும். வண்டியின் இழுப்பைத் தீர்மானிப்பது இந்த எண்தான், மோட்டாரைச் சூடாக்குவதும் இதுதான். பாதியில் ஆரம்பித்து ஏற்றுங்கள். ஒரு முறைக்கு ஓர் எண்ணை மட்டும்.

ரீஜென் பிரேக்கையும் ஃபீல்டு வீக்கனிங்கையும் போட்டுவிடலாமா?

ரீஜென் என்றால் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது. அதைப் போடலாம், கணக்குப் பார்த்து. ஊட்டியில் முழு சார்ஜ் போட்டு மேட்டுப்பாளையம் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். வண்டியும் ஆளும் சேர்ந்து 150 கிலோ என்றால் அந்த உயரத்தில் 0.78 யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது. காற்றிலும் டயரிலும் பாதி போனாலும் மீதி நிறைந்த பேட்டரிக்குள் போக இடமில்லை. பிஎம்எஸ் சட்டென்று துண்டிக்கும், கண்ட்ரோலரில் வோல்ட்டேஜ் எகிறும், வளைவின் நடுவில் ரீஜென் பிரேக் காணாமல் போகும். 80 சதவீதத்தோடு கிளம்புங்கள், கை பிரேக் இரண்டும் நல்ல நிலையில் இருக்கட்டும். ரீஜென் அச்சை எதிர்த்திசையில் முறுக்கி நட்டைத் தளர்த்தும் என்பதால் இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம் (அச்சு சுழலாமல் பிடிக்கும் உலோகப் பட்டை) போட வேண்டும்.

காந்தப் புலத்தைப் பலவீனமாக்கி வேகத்தைக் கூட்டும் ஃபீல்டு வீக்கனிங்கை நான் பரிந்துரைப்பதில்லை. மோட்டார் பேட்டரி வோல்ட்டேஜுக்குரிய வேகத்தைத் தாண்டிச் சுற்றும்போது கண்ட்ரோலர் ஏதோ பழுதில் நின்றால், மோட்டார் உண்டாக்கும் வோல்ட்டேஜ் பேட்டரியைவிட உயர்ந்துவிடும். டயோடுகள் வழியாக அது பேட்டரிக்குள் பாயும், வண்டி திடீரென்று இழுத்துப் பிடிக்கும்.

மாஸ்ஃபெட் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பேட்டரியைப் பிரித்து, மின்தேக்கி காலியானதும் மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் ஒயரில், சிவப்பு முனை மூன்று ஃபேஸிலும் மாறி மாறி. பிறகு சிவப்பு முனை பேட்டரி நெகட்டிவில், கறுப்பு முனை மூன்று ஃபேஸிலும். ஆறு முறையும் 0.4 முதல் 0.6 வரை, ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஏதாவது ஒன்றில் பூஜ்ஜியம் பக்கமாக வந்தால் அந்தப் பக்கத்து மாஸ்ஃபெட் ஷார்ட். ஒன்று போயிருந்தால் அதோடு இணையாக இருக்கும் மற்றவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

வேக வரம்பை எடுத்துவிட்டால் சட்டப்படி சிக்கலா?

இந்தியாவில் சிக்கல்தான். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. அதைத் தாண்டினால் பதிவு, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டியிலும் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய முடியாது.

மழையில் தாங்குமா?

பெட்டியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாலும் ஒயர் வெளியே வரும் துவாரம்தான் பலவீனமான இடம். ஒயர் பக்கம் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். ஒயர்கள் பெட்டியை விடத் தாழ்வாகத் தொங்கி, அப்புறம் மேலே ஏறட்டும், அப்போது நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கனெக்டர்களைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், உள்ளே வியர்த்துப் பச்சை பூக்கும். அடியில் ஒரு துளை விட்ட சிறிய பெட்டிக்குள் வைப்பது நல்லது. அலுமினிய உடலில் காற்று படும்படி இடம் விடுங்கள். சீட்டுக்கு அடியில் துணி, பை என்று திணித்து மூடிவிட்டால் ஏற்றத்தில் சூடேறி நின்றுவிடும்.